தீர்த்துவிடுதல் தமிழருக்குப் புதிதோ?

விவாகரத்து என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தில் காதைப் பொத்திக்கொள்ளும் பெரியோர் நம் சமூகத்தில் இன்னும் மலிந்திருக்கின்றனர். கோயில் நிர்வாகக் கூட்டமாயினும், தோட்டத்து லயத்து வாசலாயினும், பட்டணத்துக் கலியாண மண்டபத்து மேடையாயினும் அவர்கள் சொல்லும் வாசகம் ஒன்றே: "நம் பண்பாட்டில் இது கிடையாது, வெள்ளைக்காரனிடமிருந்து ஒட்டிக்கொண்ட வியாதி." இப்படிச் சொல்வோர் பெரும்பாலும் நல்லவர்கள், அடுத்த வீட்டுச் சாவுக்கும் வாழ்வுக்கும் முன்னின்று ஓடுபவர்கள். ஆதலின் அவர்களை ஏளனஞ் செய்வது நமது கருத்தன்று. ஆயினும் அவர்கள் சொல்வது உண்மையன்று. அதை மெய்ப்பிக்க வேற்று நாட்டாரை நாம் சாட்சிக்கு அழைக்கவேண்டுவதில்லை. அவர்களுடைய பாட்டன் பாட்டிமாரையே அழைப்போம்.

இந்நாட்டு ரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்த நம் முன்னோரிற் பெரும்பாலார் எத்தகைய குலங்களிற் பிறந்தவர்கள் என்பதை எழுதிக் காட்டத் தேவையில்லை. உழுதும் அறுத்தும் கூலிக்கு உழைத்தும் பிழைத்த அக்குலங்களிற் பலவற்றில் தீர்த்துவிடுதல் என்றொரு வழக்கம் இருந்தது. புருஷனோடு வாழ முடியாதவள் ஊர்ப் பெரியோர் முன் வந்து குறையைச் சொல்லுவாள். இரு பக்கமும் கேட்பார்கள். பொருந்தாதென்று கண்டால் தாலியையோ பரியப் பணத்தையோ திருப்பிக் கொடுக்கச் செய்து தீர்த்துவிடுவார்கள். மதுரைச் சீமையில் ஊரறிய ஒரு துரும்பைக் கொடுத்து வாங்கினாலே உறவு முடிந்ததென்ற குலமும் உண்டு. பிறகு அவள் வேறொருவனைக் கைப்பிடிப்பாள். அதற்கு அறுத்துக் கட்டுதல் என்று பேர். சென்னைக் காட்சிசாலைத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-இல் 7 தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய நூலைப் புரட்டுவோர் இத்தகைய வழக்கங்களைப் பல குலங்களிற் காண்பர். இந்தியாவில் 1955-இல் இந்து விவாகச் சட்டம் செய்தபோதுங்கூட, வழக்கத்தால் பெறும் விடுதலைக்குப் பழுது வராதென்று அதன் 29-ஆம் பிரிவில் எழுதிவைத்தனர். இல்லாத வழக்கத்துக்கு எவரேனும் பாதுகாப்பு எழுதிவைப்பார்களா?

பின்னர் இந்த நினைவு எப்படி அழிந்தது? கலியாணம் ஜன்மாந்தரத் தொடர்பு, அதை அறுக்க மனிதனுக்கு அதிகாரமில்லை என்பது சாஸ்திரக்காரர் கொள்கை. ஆங்கிலேயர் கோர்ட்டுகள் அந்தச் சாஸ்திரத்தையே இந்துக்கள் அனைவருக்கும் பொதுச் சட்டமாக வைத்து, குல வழக்கத்தை அதற்கு விலக்காக மாத்திரம், அதுவும் சாட்சி கொண்டு நிரூபித்தால் மாத்திரம், ஒப்புக்கொண்டன. அதனோடு ஒரு வசையும் சேர்ந்தது. "அறுத்துக் கட்டுகிற ஜாதி" என்று மேலோர் எனப்பட்டோர் ஏசினர். ஏசப்பட்டோரில் கொஞ்சம் காசும் நிலமும் கண்டவர்கள் அந்த ஏச்சிலிருந்து தப்ப, தம் வீட்டுப் பெண்களுக்கு இருந்த வழியைத் தாமே அடைத்தனர். ஆகவே இன்று பண்பாடு என்று நமக்கு எடுத்துக்காட்டப்படுவது நம் பாட்டியின் பண்பாடன்று. நம் பாட்டியை இழிவென்று ஏசியவனுடைய பண்பாடு.

பழைய பஞ்சாயத்தை நாம் புகழ வரவில்லை. அதில் ஆண்களே உட்கார்ந்தனர். அபராதம் என்று பெண்ணிடம் பிடுங்கியதும் உண்டு. ஆனால் அது இரண்டு வேலை செய்தது: சேர்த்தும் வைத்தது, தீர்த்தும் வைத்தது. நம் இன்றையப் பெரியோர் அவ்விரண்டில் பாதியை வைத்துக்கொண்டு மறு பாதியைக் கடலில் போட்டுவிட்டனர். சேர்த்துவைக்க மாத்திரம் வருகிறார்கள். எத்தனை தரம் கூட்டம் கூடினாலும் முடிவு முன்கூட்டியே தெரிந்த பஞ்சாயத்து எதற்கு?

நாம் செக்ரோல் எழுதும் தோட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். பேரும் ஊரும் வேண்டாம். கணவன் குடித்துவிட்டு அடிப்பவன். முதல் தரம் அவள் தாய்வீடு போனாள். பெரியவர்கள் கூடிப் பேசி அழைத்துவந்தனர். இரண்டாந்தரம் கையில் கட்டுடன் போனாள், அப்போதும் அழைத்துவந்தனர். மூன்றாந்தரம் அவன் கோயிலில் சூடத்தின்மேல் கையடித்துச் சத்தியஞ் செய்தான். "பிள்ளை முகத்தைப் பாரும்மா, பொம்பளைதான் பொறுத்துப் போகணும்" என்றார் ஒரு பெரியவர். சூடம் அணைந்து ஒரு மாதம் ஆகுமுன் அவளுக்கு இரண்டு பல் போயிற்று. அதன் பின்னர் ஒரு நாள் காலைப் பெரட்டு முடிந்தபின் ஆபீசுக்கு வந்து, "ஐயா, சேமநிதியிலே அவரு பேரை எடுத்துட்டுப் பிள்ளைங்க பேரைப் போடணும், எப்படிப் போடறது?" என்று கேட்டாள். அவளைத் தீர்த்துவைக்க ஒருவரும் வரவில்லை. தனக்குத் தெரிந்தமட்டில் தானே தீர்த்துக்கொள்ளப் பார்த்தாள். சேமநிதியில் வாரிசு மாற்றுவது எளிது. அவள் விவாகத்தை ரத்துச் செய்வது எளிதன்று. காரணத்தைப் பின்னர்ச் சொல்லுவோம்.

அதற்கு முன் சட்டம் என்ன சொல்லுகிறதென்று பார்ப்போம். ஏனெனில், நம் ஜனங்களிற் பலர் விவாகரத்து என்பது பணக்காரர் வக்கீலை வைத்து வாங்கும் ஒரு பண்டம் என்று எண்ணியிருக்கின்றனர்.

இந்நாட்டுச் சட்டமும் நெடுங்காலம் நம் பெண்களைக் கைவிட்டே இருந்தது. மலாயாக் கூட்டரசில் 1952-இல் வந்த விவாகரத்துச் சட்டம் ஒருவனுக்கு ஒருத்தி என்னும் முறைப்படி நடந்த கலியாணங்களுக்கே உரியது; பலதாரத்துக்கு இடங்கொடுத்த இந்து முறைக் கலியாணத்தில் அகப்பட்டவளுக்கு அதன் கதவு திறக்கவில்லை. ஆனால் கணவனுக்கு உதவ வேறொரு சட்டம் வெகு காலமாகவே காத்திருந்தது. மணமான பெண்ணை ஆசை காட்டி அழைத்துச் செல்வது குற்றம் என்கிற தண்டனைச் சட்டத்தின் 498-ஆம் பிரிவே அது. ஓடிப்போன மனைவியைத் தேடிக் கணவனும், ஆள் குறைந்ததென்று தோட்டத்துத் துரையும் வெள்ளையர் காலத்தில் கோர்ட்டேறியதற்கு அப்பிரிவு துணை நின்றது. ஓடினவள் ஏன் ஓடினாள் என்று அது கேட்கவில்லை. காணாமற்போன மாட்டைத் தேடுவது போலிருந்த அந்தப் பிரிவைக் கூட்டரசு நீதிமன்றம் 2023 டிசம்பரில் அரசியல் சட்டத்துக்கு முரணானதென்று தள்ளியது. நாடு சுதந்தரமடைந்து 66 வருஷம் சென்றபின்!

முஸ்லிம் அல்லாதாருக்கெல்லாம் பொதுவாக விவாக, விவாகரத்துச் சீர்திருத்தச் சட்டம் 1976-இல் நிறைவேறிற்று. நிறைவேறியும் ஆறு வருஷம் உறங்கி, 1982 மார்ச் 1-ஆம் தேதிதான் கண் விழித்தது. (முஸ்லிம் தமிழர்களின் விவாகம் ஷரியாச் சட்டத்துக்கு உட்பட்டது, அதைப்பற்றி இக்கட்டுரை பேசவில்லை.) அன்று முதல் ஒருவனுக்கு ஒரு மனைவியே. இரண்டாவது தாலி செல்லாது; கட்டியவன் குற்றவாளி.

இச்சட்டத்தின்படி விடுதலைக்கு வழிகள் உண்டு. இருவரும் மனமொத்துக் கேட்டால், கலியாணமாகி இரண்டு வருஷம் கடந்திருந்து, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தக்க ஏற்பாடு செய்திருந்தால் போதும். யார் குற்றம் என்ற விசாரணையே இல்லை. ஒருவர் மதம் மாறி இஸ்லாத்தைத் தழுவினால் அதுவும் ஒரு காரணம். ஒருவர் மாத்திரம் கேட்பதாயின், மணவாழ்க்கை மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது என்று காட்டவேண்டும். அதைக் காட்டுவதற்கு 54-ஆம் பிரிவு நான்கு சங்கதிகளைச் சொல்லுகிறது. ஒன்று, மற்றவர் பிறரோடு கூடி ஒழுக்கந் தவறியதும் அதனால் சேர்ந்து வாழச் சகியாமையும். இன்னொன்று, சேர்ந்து வாழும்படி நியாயமாக எதிர்பார்க்கவொண்ணாத நடத்தை. அடியும் உதையும் ஓயாத குடியும் இதில் வந்தடங்கும். இரண்டு வருஷம் கைவிட்டுப் போயிருப்பது மற்றொன்று. இரண்டு வருஷம் பிரிந்து வாழ்ந்திருப்பது கடைசி; இதற்கு எவர் குற்றமும் வேண்டுவதில்லை, எதிரியின் சம்மதமும் வேண்டுவதில்லை. கலியாணமாகி இரண்டு வருஷம் ஆகுமுன் மனுச் செய்யலாகாதென்று பொது விதி இருந்தாலும், பொறுக்கவொண்ணாக் கஷ்டம் இருப்பின் நீதிபதி அனுமதிக்கலாம்.

பெரியோரே, இப்பட்டியலை உங்கள் முன் வைத்து ஒன்று கேட்கிறோம். இதில் எது நம் முன்னோர் பஞ்சாயத்தில் கேளாதது? அடிக்கிறான் என்று அவள் அங்கும் சொல்லவில்லையா? விட்டுப் போனான், வேறொருத்தியோடு இருக்கிறான் என்று சொல்லவில்லையா? துரும்புக்குப் பதில் இன்று முத்திரை குத்திய ஒரு காகிதம். வித்தியாசம் அவ்வளவே.

"பிள்ளைகள் கதி என்னாவது?" என்று உடனே கேட்பார்கள். நல்ல கேள்வி. சட்டமும் அதைக் கேட்டிருக்கிறது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நலம் என்று அது கருதத் தொடங்குகிறது; தகப்பன் ஜீவனாம்சம் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்கிறது; இருவரும் உழைத்துச் சேர்த்த சொத்தைப் பங்கிடுகிறது. இதை ஒரு தாய்க்கும் எடுத்துச் சொல்லாமல், "போனால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வான்" என்று பயங்காட்டி அனுப்புவது சமரசமா? அப்பிள்ளைகள் இரவு தோறும் எதைப் பார்த்து வளர்கின்றன என்பதையும் கேட்பவர்கள் யோசிக்கட்டும். தாய் அடிபடும் வீட்டில் வளர்ந்தால் பிள்ளை கெடாது, தாய் பிரிந்து வாழும் வீட்டில் வளர்ந்தால் கெட்டுவிடும் என்பது எந்த ஊர்க் கணக்கோ, கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு விளங்கவில்லை.

இனி, அந்தப் பெண்ணின் கதைக்கு வருவோம். அவளுடைய கலியாணம் கோயிலில் ஊர் கூடி, மேளம் கொட்டி நடந்தது. பதிவு மாத்திரம் நடக்கவில்லை. "தாலி கட்டியாச்சு, அதுக்கு மேலே கடுதாசி எதுக்கு?" என்று அவள் மாமனார் கேட்டாராம். விவாகரத்து மனுவோடு பதிவுப் பத்திரம் வைக்கவேண்டும். அது இல்லாதவள் எதை வைப்பாள்? பதியாத சடங்குக் கலியாணம் செல்லுமா செல்லாதா என்பதில் நீதிபதிகளே ஒரேவிதமாய்த் தீர்ப்புச் சொன்னதில்லை. 1994-ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் இவ்விஷயத்தில் இரக்கமுள்ளது: சடங்கு மாத்திரம் நடந்து பதியாதவளையும் அது மனைவியென்றே கொண்டு பாதுகாப்புத் தருகிறது. ஆகவே அடிக்கும் கையைத் தடுக்க அவள் மனைவி. அந்தக் கையிலிருந்து விடுபட மனைவிதானா என்ற சந்தேகம்!

இதன் துன்பம் அவளோடு நிற்பதில்லை. சட்டப்படி மணந்ததென்று காட்டவியலாத தாய்க்குப் பிறந்த குழந்தையின் பிறப்புப் பத்திரத்தில், தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டாலன்றித் தகப்பன் பேர் எழுதப்படுவதில்லை. புருஷன் வேலை செய்யுமிடத்தில் மாண்டால், பெர்கேசோவிலிருந்து வரவேண்டிய விதவைப் பணத்துக்கு முதலிற் கேட்கும் பத்திரம் கலியாணப் பத்திரமே. இந்தப் பாரங்களைப் பூர்த்திசெய்யும் மேசையில் உட்கார்ந்திருக்கும் நாம் இதைக் கேள்வியால் எழுதவில்லை. அப்பால், பதியாதவன் வேறூர்க் கோயிலில் மற்றொருத்தி கழுத்தில் தாலி கட்டினாலும் பதிவேட்டில் அவன் பிரமசாரியே. பதிவைக் கடுதாசி என்று இகழ்ந்தவர்கள் ஒருவனுக்கு ஒருத்தி என்ற கட்டை அவிழ்த்துவிட்டார்கள் என்பதை அறிவார்களா? பண்பாடு கெட்டது விவாகரத்தினாலா, இதனாலா?

சட்டத்திலும் குறை உண்டு. அதையும் மறைப்பதற்கில்லை. ஒருவர் மாத்திரம் மனுச் செய்வதாயின், முதலில் சமரசக் குழுவுக்குப் போகவேண்டும். தேசியப் பதிவிலாகாவில் அக்குழு கூடும். வக்கீல் கூட வரலாகாது. அடித்தவனுக்கு எதிரில் அடிபட்டவள் உட்கார்ந்து, சேர்ந்து வாழ மனமுண்டா என்ற கேள்விக்கு மறுமொழி சொல்லவேண்டும். கைவிட்டு எங்கேயோ போனவனுக்கும், அழைத்தும் வராதவனுக்கும், வேறு சில நிலைமைகளுக்கும் விலக்கு உண்டு. ஆனால் அவ்விலக்குகளை எந்த லயத்தில் யார் போய்ச் சொன்னார்கள்? விவாக மனு உயர்நீதிமன்றத்துக்கே போகவேண்டும் என்பது மற்றொரு பாரம். பக்கத்து டவுனில் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டு இருந்தும் பயனில்லை. ஒரு நாள் கூலியை இழந்து, இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகா ஏழைகளுக்குக் குடும்ப வழக்கு நடத்தித் தருகிறது என்பதாவது தெரிந்தால் சிலர் போவார்கள்.

எல்லாவற்றினும் நாம் பெரிதாகக் கருதும் குறை வேறு. இரண்டு வருஷம் பிரிந்து வாழ்ந்தால் குற்றஞ் சாட்டாமலே விடுதலை பெறலாம் என்கிறது சட்டம். கேட்பதற்கு நன்றாயிருக்கிறது. ஆனால் தோட்டத்துப் பெண் எங்கே போய்ப் பிரிந்து வாழ்வாள்? லய வீடு புருஷன் வேலைக்கென்று கொடுத்தது. அவளும் செம்பனைக் காட்டில் அதே தோட்டத்தில் வேலை செய்தாலும் வீடு அவன் பேரிலேயே இருக்கும். தாய்வீடு என்பது வேறொரு தோட்டத்து லயத்தில் இரண்டு அறை. அங்கே ஏற்கெனவே அண்ணனும் அண்ணியும் நான்கு பிள்ளைகளும். இரண்டு வருஷப் பிரிவு என்பது இரண்டாவது வீடு உள்ளவர்களுக்கு எழுதிய விதி. அது இல்லாதவள் குற்றச்சாட்டு என்ற வழியிலேயே போகவேண்டும். அதற்குச் சாட்சி வேண்டும், ஆஸ்பத்திரிச் சீட்டு வேண்டும், போலீஸ் ரிப்போர்ட்டு வேண்டும். "குடும்ப விஷயத்துக்கு ரிப்போர்ட்டு எதுக்கு?" என்று தடுத்தவர்களும் மேற்சொன்ன பெரியோரே. இப்போது சாட்சி இல்லை என்பவர்களும் அவர்களே.

நம் சட்டத்தின் இந்த நான்கு சங்கதிகளும் இங்கிலாந்துச் சட்டத்தைப் பார்த்து எழுதியவை. அந்த இங்கிலாந்திலேயே ஒரு மனைவி மனம் முறிந்துபோய்க் கேட்டும், கணவன் குற்றம் போதாது என்று 2018-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விடுதலை மறுக்கவேண்டியதாயிற்று. நீதிபதிகளே அதைக் குறித்துச் சங்கடப்பட்டனர். பார்லிமெண்டு 2020-இல் புதுச் சட்டஞ் செய்து, 2022 ஏப்ரல் 6 முதல் குற்றஞ் சாட்டும் வழியையே எடுத்துவிட்டது. அடுத்த கரையிலுள்ள சிங்கப்பூரிலோ, 1961-இல் வந்த மாதர் சாசனத்தில் 2024 ஜூலை 1 முதல் இருவரும் ஒத்துக்கொண்டால் குற்றம் சொல்லாமல் பிரியும் வழியைச் சேர்த்தனர். முறிந்ததற்குக் காரணத்தையும் ஒத்துப்போக முயன்ற விதத்தையும் பிள்ளைகளுக்குச் செய்யும் ஏற்பாட்டையும் எழுதிக் கொடுக்கவேண்டும், சேரக்கூடுமென்று தோன்றினால் கோர்ட்டு மறுத்துவிடும். அங்கேயும் கலியாணமாகி மூன்று வருஷம் காத்திருக்கவேண்டும் என்ற பூட்டும், ஒருவர் சம்மதியாவிடில் பிரிந்து வாழ்ந்த காலம் நான்கு வருஷம் ஆகவேண்டும் என்ற பூட்டும் இன்னும் தொங்குகின்றன. சிங்கப்பூர் அன்பர்கள் தங்களுக்கு எல்லாம் கிடைத்துவிட்டதென்று இருக்கவேண்டாம். எங்கிருந்து நாம் எழுத்தை எடுத்தோமோ அவர்களே அதை மாற்றியபின், நாம் 1976-இன் வாசகத்தைக் கட்டி அழுவானேன்? இந்நாட்டுச் சட்டசபையில் நம்மவர் வாக்கால் உட்கார்ந்திருப்போர் இதை ஒரு நாளேனும் கேட்டதுண்டா? ஒருவர் மாத்திரம் கேட்பினும் குற்றஞ் சாட்டாமல், ஒரு தவணை குறித்து, அத்தவணைக்குப் பின்னும் அவர் மனம் மாறாவிடில் விடுதலை தருவதற்கு ஒரு திருத்தம் போதும். உயர்நீதிமன்றத்தில் மாத்திரம் என்ற விதியைத் தளர்த்தவும் ஒரு திருத்தம் போதும்.

சட்டசபை கேட்கும்வரை காத்திருக்க வேண்டாத வேலைகளும் உண்டு. சேர்த்துவைக்கக் கூடும் பெரியோர் தங்கள் நடுவே இரண்டு பெண்களையேனும் உட்காரவைக்கட்டும், அடிபட்டு வந்தவளை முதலில் ஆஸ்பத்திரிக்கும் போலீசுக்கும் அழைத்துப் போகட்டும், பேச்சு அப்புறம். ஒரு தரம் சத்தியஞ் செய்து மீறியவனுக்கு மறுபடி சூடம் கொளுத்தவேண்டாம். அவள் தீர்வு கேட்டால், தீர்த்துவைக்கும் இடம் எதுவென்று சொல்லி, பஸ் செலவுக்கு ஐந்தோ பத்தோ கொடுத்து அனுப்பட்டும். திருவிழாவுக்கு வசூல் செய்யத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய காரியமன்று.

கோயில் நிர்வாகத்தாருக்கு ஒரு கேள்வி தனியே உண்டு. விவாகப் பதிவு செய்யும் உதவிப் பதிவாளராகக் கோயிற் குருக்களையே நியமிக்கச் சட்டம் இடந்தருகிறது. சில கோயில்களில் பதிவுப் பத்திரம் காட்டினாலன்றி மணவறை கொடுப்பதில்லை. மற்றக் கோயில்களில் மேளத்துக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எத்தனை இலை, குளிர்சாதனத்துக்கு மணிக்கு எவ்வளவு என்றெல்லாம் அச்சிட்ட பாரம் இருக்கிறது. பதிவு ஆயிற்றா என்ற ஒரு வரி மாத்திரம் அதில் இல்லை. ஆவணி முகூர்த்தங்களுக்கு மண்டபம் பேச ஜனங்கள் இப்போதே வரத்தொடங்கியிருப்பார்கள். அவ்வரியை அந்தப் பாரத்தில் அதற்கு முன் அச்சிடுவீர்களா?